கைவிட்டவன் கூறும் கதை: டென்னசி வில்லியம்ஸின் குடும்ப நாடகம் பற்றிய ஓர் ஆய்வு

பிரிவு வேறு, கைவிடல் வேறு. பிரிவைத் தமிழ் அகப்பொருள் இலக்கணம் விரிவாக ஆராய்ந்துள்ளது. ஓதற்குப் பிரிந்தவன் மூன்றாண்டைக் கடத்தல் ஆகாது என்றும், வேந்தன் வினைமேற் சென்றவன் ஓராண்டிற்குள் மீளுதல் வேண்டும் என்றும் தொல்காப்பியர் கற்பியலில் எல்லை வகுத்துள்ளார். பரத்தையிற் பிரிந்தவனும் வாயில்கள் வழியே மீண்டு இல்லம் புகுகின்றான். ஆகவே அகத்திணையிற் பேசப்பெறும் பிரிவு, மீட்சியைத் தன்னுள் அடக்கிய பிரிவேயாகும். மீளும் எண்ணம் சிறிதுமின்றி இல்லத்தாரை நீத்துச் செல்பவனுக்கு அங்கே துறை ஏதும் வகுக்கப்பெறவில்லை. (துறவு பூண்டு செல்வான் நிலை வேறு, அதனை ஈண்டு விடுப்பாம்.) நள்ளிரவில் தமயந்தியைக் கானகத்தே விட்டகன்ற நளனும் பின்னர் அவளை அடைகின்றான். கைவிடல் என்னும் கொடுமையைக் கதை தொடங்கி வைத்தாலும், முடிவில் அதனை நேர் செய்துவிடுதலே பழங்கதைகளின் இயல்பு.

இந்த நேர் செய்தலை மறுப்பதிலேதான் மேலை நாட்டுப் பிற்காலக் குடும்ப நாடகங்கள் சில தம் ஆற்றலைப் பெறுகின்றன. அவற்றுள் அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் இயற்றிய ‘தி கிளாஸ் மெனாஜெரி’ என்பதனை இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொள்கின்றோம். கண்ணாடி விலங்குகளின் காட்சிச்சாலை என்று அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். இந்நாடகம் 1944ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சிகாகோ நகரில் முதன்முதல் மேடையேறியது. 1945 மார்ச்சுத் திங்களில் நியூயார்க் சென்றது. ஏழு காட்சிகளே உடையது. மேடையில் தோன்றும் மாந்தர் நால்வர்: தாய் அமாண்டா, மகள் லாரா, மகன் டாம், விருந்தினனாக வரும் ஜிம். களம் செயின்ட் லூயிஸ் நகரில் சந்தினை ஒட்டிய ஓர் எளிய குடியிருப்பு. காலம் 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலம்.

ஐந்தாவது மாந்தர் ஒருவரும் உளர் என்று நாடகத் தொடக்கத்தில் டாம் நமக்குக் கூறுகின்றான். அவர் குடும்பத் தலைவர். ஆனால் சுவரில் மாட்டிய படமாக மட்டுமே உள்ளார். முதல் உலகப் போர்க்காலப் படைவீரனின் தொப்பியணிந்து, ஆள் அளவினும் பெரிய அப்படத்தில் புன்னகை புரிந்துகொண்டிருக்கின்றார். தொலைபேசி நிறுவனத்திற் பணியாற்றிய அவர் தொலைவின்மீதே காதல் கொண்டு ஊரை விட்டு அகன்றார். மெக்சிகோ நாட்டுக் கடற்கரை ஊராகிய மசட்லானிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. வந்தேன் என்பது போல் ஒரு சொல். சென்றேன் என்பது போல் மற்றொரு சொல். அவ்விரு சொற்களுக்கு மேல் அதில் ஒன்றுமில்லை, முகவரியும் இல்லை.

தந்தை கைவிட்டார், தந்தையைப் போலவே மகனும் கைவிட்டான். நாடகத்தின் கதையை இவ்வாறு ஒரே தொடரில் அடக்கிவிடுதல் எளிது. அவ்வாறு கூறுவோர் அடுத்த அடியிலேயே காரணம் தேடத் தொடங்குகின்றனர். அமாண்டாவின் ஓயாத பேச்சே ஆடவர் இருவரையும் துரத்தியது என்பது அவர்கள் காணும் முடிவு. இம்முடிவுக்குச் சான்று இல்லாமலில்லை. உணவை எவ்வாறு மெல்லுதல் வேண்டும் என்று வளர்ந்த மகனுக்கு அவள் பாடம் நடத்துகின்றாள். அவன் நூலகத்திலிருந்து கொணர்ந்த லாரன்சு புதினத்தை அவனைக் கேளாமலே திருப்பிக் கொடுத்துவிடுகின்றாள். புளூ மவுண்டன் என்னும் தன் ஊரில் ஒரே பிற்பகலில் 17 இளைஞர் தன்னைக் காண வந்த பழங்கதையை எத்தனை முறை கூறினாலும் அவளுக்குச் சலிப்பதில்லை. இத்தகைய தாயோடு வாழ்தல் அரிது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் வாழ்தல் அரிதென்பது ஒன்று. அவளே தன்னைக் கைவிடச் செய்தாள் என்பது மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுவோர் நான்காம் காட்சியைக் கூர்ந்து நோக்கினாரல்லர் என்றே கூறல் வேண்டும்.

அக்காட்சியில் தாய்க்கும் மகனுக்கும் நிகழும் உரையாடலே நாடகத்தின் உயிர்நிலை என்பது எம் கருத்து. வணிகக் கப்பல் பணி தொடர்பாக டாமுக்கு வந்த கடிதத்தை அமாண்டா பார்த்துவிட்டாள். அவன் போகப்போகின்றான் என்பது அவளுக்குத் தெரியும். தந்தையின் வழியில் அவன் கால்கள் திரும்பிவிட்டதையும் அவள் அறிவாள். அங்ஙனமாயின் அவள் கேட்பது யாது? போகாதே என்று அவள் கேட்கவில்லை. லாராவுக்கு ஒரு துணை வரும்வரை பொறுத்திரு, அதன்பின் நிலத்திலோ கடலிலோ நீ விரும்பியவாறு செல் என்பதே அவள் வேண்டுகோளின் பொருள். செலவிடை அழுங்குதல் என்பது செல்லாமை அன்று, ஆற்றுவித்தற்பொருட்டுச் சிறிது தங்குதலே என்று தொல்காப்பியர் விளக்கியுள்ளமை இங்கு நம் நினைவிற்கு வருகின்றது. அகப்பாட்டின் தலைவிக்கும் இவ்வமெரிக்கத் தாய்க்கும் உறவில்லை என்பது உண்மையே. ஆயினும் அவ்விலக்கணம் வகுத்துள்ள நுண்ணிய வேறுபாடு இவ்விடத்தை நமக்கு நன்கு விளக்குகின்றது. அமாண்டா வேண்டுவது செல்லாமையை அன்று, அழுங்குதலை. காலம் குறித்து, மாற்று ஏற்பாடு செய்து, அதன்பின் பிரியுமாறு கேட்கின்றாள். கைவிடலைப் பிரிவாக மாற்றித் தருமாறு கேட்கின்றாள் எனினும் பொருந்தும்.

இவ்வேண்டுகோளுக்குப் பின்னே ஒரு கணக்கு உள்ளது. காலணிக் கிடங்கில் டாம் பெறும் திங்கள் ஊதியம் 65 டாலர். தாய் தொலைபேசி வழியாகப் பெண்கள் இதழ்களுக்குச் சந்தா சேர்த்துச் சிறிது ஈட்டுகின்றாள். லாரா இளமையில் நேர்ந்த நோயால் ஒரு கால் சற்றுக் குறுகியவள். அதனினும் மிக்க அவளது ஊனம் நாணமே. தட்டெழுத்துப் பயில அவளை ஒரு வணிகக் கல்விக்கூடத்திற் சேர்த்தனர். முதல் விரைவுத் தேர்விலேயே உடல் நடுங்கிக் குமட்டியெடுத்த அவள், பின்னர் அங்குச் செல்லாமல் பூங்காவிலும் காட்சிச்சாலையிலும் நாட்களைக் கழித்தாள். கட்டிய 50 டாலர் வீணாயிற்று. ஏறத்தாழ ஒரு திங்கள் ஊதியம் அது. தொழிலும் இன்றி மணமும் இன்றி உறவினர் வீடுகளில் ஒண்டிக்கிடந்து மூப்படையும் பெண்களின் நிலையைத் தென்மாநிலங்களில் தன் கண்ணாற் கண்டவள் அமாண்டா. அவள் அச்சம் கற்பனையன்று. வெண்ணெய் வாங்குவதற்குக்கூட மகளைக் கடன் சொல்லி வாங்கிவருமாறே அனுப்புகின்றாள். அப்பெண் வாயிலில் உள்ள இரும்புப் படிக்கட்டில் இடறுகின்றாள். தாய் பதறுகின்றாள். அப்படிக்கட்டில்தான் டாம் புகைபிடித்துக்கொண்டு தொலைவை நோக்கி நிற்பது வழக்கம். ஒருவனுக்கு வெளியேறும் வழியாக அமைந்ததே மற்றொருத்திக்கு இடறும் இடமாகவும் அமைந்துள்ளது.

இனி, நாம் சிறப்பாக எடுத்துக்காட்ட விரும்பும் செய்திக்கு வருவோம். டாம் எப்பொழுது கைவிட்டான்? இறுதிக் காட்சியில் கதவைத் திறந்துகொண்டு வெளியேறும்போது என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அது சரியன்று. ஆறாம் காட்சியில் ஜிம்மோடு படிக்கட்டில் நின்று பேசும்போது அவன் ஒரு செய்தியை வெளியிடுகின்றான். மின்கட்டணம் செலுத்துவதற்குரிய பணத்தைக் கொண்டு வணிகக் கப்பல் மாலுமியர் சங்கத்திற்கு உறுப்பினர் கட்டணம் செலுத்திவிட்டான். இச்செய்தி இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடுகின்றது, நகைப்பும் கலந்துள்ளது. ஆயின் கைவிடல் நிகழ்ந்துவிட்டது அப்பொழுதே. தந்தையின் கைவிடலை அஞ்சலட்டை அறிவித்தது. மகனின் கைவிடலை ஒரு கட்டணச் சீட்டு அறிவிக்கின்றது. பெருங்குரலும் கண்ணீரும் இல்லாத அவ்விடத்தில் ஒரு குடும்பத்தின் ஒளி விலைபோய்விட்டது. கைவிடல் என்பது பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கின்றது என்னும் உண்மையை ஆசிரியர் எவ்வளவு அமைதியாகக் கூறிச்செல்கின்றார்! கதவு தட்டும் ஓசை கேட்பதற்கு நெடுநாள் முன்னரே கணக்குப் புத்தகத்தில் அது பதிவாகிவிடுகின்றது.

அதன் விளைவு ஏழாம் காட்சியின் தொடக்கத்தில் தெரிகின்றது. லாராவுக்கு உரிய துணையாகலாம் என்று தாய் எண்ணி எதிர்பார்த்திருந்த விருந்தினன் உணவருந்திக்கொண்டிருக்கும்போது விளக்குகள் அணைகின்றன. மெழுகுவத்திகள் ஏற்றப்படுகின்றன. மறதியால் கட்டணம் செலுத்தவில்லை என்று எண்ணிய அமாண்டா, அக்குற்றத்திற்குத் தண்டனையாக மகனைப் பாத்திரம் கழுவ அடுக்களைக்கு அழைத்துச் செல்கின்றாள். மின்னல் தாக்கிய கோயிலொன்றின் பீடத்தில் இருந்து சற்றே உருகிப்போன பழைய விளக்குத் தண்டினை ஏந்திக்கொண்டு ஜிம் லாரா இருக்கும் கூடத்திற்கு வருகின்றான். அவ்வொளியில் அவள் தன் கண்ணாடி உருவங்களை அவனுக்குக் காட்டுகின்றாள், அவனோடு ஆடுகின்றாள், ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு உடைகின்றது, அவள் வருந்தவில்லை. அவள் வாழ்வில் ஒளிபெற்ற நேரம் அதுவொன்றே. அந்நேரத்தை அமைத்துக் கொடுத்தது எது? அண்ணன்–தங்கை என்றோ அக்கை–தம்பி என்றோ உள்ள அன்பு அன்று. உடன்பிறந்தவன் செய்த திருட்டு. இம்முரணை ஆசிரியர் எங்கும் விளக்கிப் பேசவில்லை. விளக்காததே சிறப்பு.

ஜிம்மின் செயலையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். அவன் தனக்கு வேறொரு பெண்ணோடு மணம் உறுதியாகியிருப்பதைக் கூறி விடைபெறுகின்றான். அவன் ஏமாற்றுக்காரன் அல்லன். எவருக்கும் கடன்பட்டவனும் அல்லன். கொம்பு உடைந்த குதிரையை அவனுக்கு நினைவுப் பொருளாக லாரா கொடுத்து அனுப்புகின்றாள். தொடங்கியது முதல் இறுதிவரை மேடைமீது நாம் முழுமையாகக் காணும் செலவு இஃதொன்றே. கடமையில்லாதவன் செல்வதை முழுமையாகக் காட்டிய ஆசிரியர், கடமையுடைய இருவர் சென்றதை மேடையில் காட்டவில்லை. தந்தை நாடகம் தொடங்குமுன் சென்றுவிட்டார். மகன் செல்வதையாவது காண்கின்றோமா என்றால், அதுவும் இல்லை. ஜிம்முக்கு மணம் உறுதியாகியிருந்ததை மறைத்தான் என்று தாய் சினந்து பேசக் கேட்டு, கையிலிருந்த குவளையை எறிந்துவிட்டு டாம் வெளியேறுகின்றான். பார்ப்போர் அதனையே இறுதிப் பிரிவாகக் கொள்கின்றனர். ஆனால் அவன் கூற்றை ஊன்றிக் கேட்பின் வேறொன்று புலப்படுகின்றது. காலணிப் பெட்டியின் மூடியில் கவிதை எழுதியதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்ட பின்னரே அவன் நகரை விட்டுச் சென்றான். அஃது அந்த இரவுக்குச் சிறிது காலத்திற்குப் பின் நிகழ்ந்தது. இடைப்பட்ட நாட்களில் அவ்வீட்டில் என்ன நிகழ்ந்தது? தாயும் மகனும் பேசிக்கொண்டார்களா? லாரா அவனுக்கு வழியனுப்பு கூறினாளா? நாடகம் வாய் திறப்பதில்லை. சினத்தால் வெளியேறியவன் என்று தன்னைக் காட்டிக்கொள்ளுதல் டாமுக்கு எளிதாக இருந்தது. அமைதியாக எண்ணித் துணிந்து சென்றவன் என்று காட்டிக்கொள்ளுதல் எளிதன்று.

கதை கூறுபவனே கைவிட்டவன் என்பதை நாம் மறத்தலாகாது. இது நினைவு நாடகம் என்று அவனே தொடக்கத்தில் அறிவிக்கின்றான். அவ்வறிவிப்பை ஆராய்ச்சியாளர் அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? வணிகக் கல்விக்கூடத்தைப் பற்றித் தாயும் மகளும் பேசும் இரண்டாம் காட்சியில் டாம் இல்லை. மெழுகுவத்தி ஒளியில் லாராவும் ஜிம்மும் உரையாடியபோது அவன் அடுக்களையில் இருந்தான். அங்கு நிகழ்ந்ததை அவன் கண்டிலன். ஆகவே நாடகத்தின் தலைசிறந்த பகுதி எவருடைய நினைவு? கண்டதை நினைத்தல் நினைவு. காணாததை நினைத்தல் கற்பனை. டாம் தான் காணாத காட்சியைத் தானே படைத்துக்கொள்கின்றான். தன் கைவிடலுக்குப் பின்னும் லாராவுக்கு ஒரு நன்மை நேர்ந்திருக்க வேண்டும், ஒருமுறையேனும் அவள் நாணம் நீங்கி நகைத்திருக்க வேண்டும் என்னும் வேட்கையே அக்காட்சியை எழுப்பியது என்று கொள்ள இடமுண்டு. இவ்வாறு கொண்டால், நாடகம் முழுவதும் டாமின் தரப்பு வழக்குரை என்று கூறுவோர் கூற்று வலியிழக்கின்றது. வழக்குரைப்பவன் எதிர்த்தரப்பின் துன்பத்தைக் குறைத்துக் கூறுவான். டாம் அதனைத் தானே தேடிச்சென்று நிரப்புகின்றான். ஆயினும் இதனால் அவன் குற்றம் தீர்ந்துவிட்டது என்று கொள்ளுதலும் தவறு. மேடையில் லாராவை எத்தனை முறை ஒளியில் நிறுத்தினாலும் அவ்வீட்டின் மின்கட்டணம் செலுத்தப்படுவதில்லை.

ஆசிரியரின் வாழ்க்கையைப் படைப்போடு இணைத்துப் பேசுவதில் நாம் தயங்குவோம். எனினும் இந்நாடகத்தைப் பொறுத்தவரை ஒரு செய்தியை விடுத்தல் இயலாது. வில்லியம்ஸின் தந்தை குடும்பத்தைக் கைவிட்டு ஓடியவர் அல்லர். காலணி வணிகத்தில் ஊர் ஊராகச் சுற்றியவர், 1918இல் செயின்ட் லூயிஸில் நிலையான பணி பெற்றுக் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவர் வீட்டில் இருந்ததே மற்றவர்க்குத் துன்பமாயிற்று என்பர். ஓடிப்போன தந்தை கற்பனை. ஆனால் உடன்பிறந்தாள் கற்பனையல்லள். ஆசிரியரின் தமக்கையார் ரோஸ் உளநோயுற்று மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்தார். 1943இல் அவருக்கு மூளையில் அறுவை செய்யப்பட்டது. தம்பி அப்போது வேறோர் ஊரில் இருந்தார். அதன்பின் இரண்டாண்டிற்குள் இந்நாடகம் மேடை கண்டது. இதன் வருவாயிற் பாதியை ஆசிரியர் தம் தாய்க்கு எழுதிக் கொடுத்தார். 1983இல் மறைந்தபோது தம் செல்வத்தின் பயன் ரோஸின் பேணுகைக்கு உதவுமாறு ஏற்பாடு செய்திருந்தார். அவ்வம்மையார் 1996வரை வாழ்ந்தார். டாமுக்கு ஆசிரியர் வழங்காத மீட்சியைத் தமக்கும் வழங்கிக்கொள்ளவில்லை. பணம் மட்டும் தவறாமற் சென்றது.

கைவிடலை மேடை பொறுத்துக்கொண்டாலும் வாணிகம் பொறுப்பதில்லை. 1950இல் இந்நாடகம் திரைப்படமானபோது முடிவை மாற்றினர். லாராவைக் காண மற்றொரு விருந்தினன் வருவதாகக் காட்டினர். ஆசிரியர் அதனை வெறுத்தார். இதற்கு முன்னோடியான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1879இல் அரங்கேறிய இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் நோரா மக்களையும் கணவனையும் விட்டு வெளியேறுகின்றாள். தான் ஒருகாலும் தன் மக்களை விட்டுச் செல்ல மாட்டாள் என்று கூறி, செருமானிய நடிகை ஒருவர் அவ்வாறு நடிக்க மறுத்தார். மற்றவர் கைவைப்பதினும் தாமே கெடுத்தல் மேல் என்று எண்ணி, நோரா மக்கள் உறங்கும் அறையின் வாயிலில் தளர்ந்து விழுந்து தங்கிவிடுவதாக இப்சனே ஒரு முடிவை எழுதிக் கொடுத்தார். அதனைக் கொடுமை என்றும் குறிப்பிட்டார். கைவிடும் பெண்ணைத் தங்கச் செய்தது ஒரு மாற்றம். கைவிடப்பட்ட பெண்ணுக்குத் துணை தேடித் தந்தது மற்றொன்று. இரண்டும் ஒரே அச்சத்திற் பிறந்தவை. ஆயினும் நோராவோடு டாமை ஒப்பிட்டுப் போற்றுவோர் ஒன்றனை எண்ணுதல் வேண்டும். நோரா எதிரே அமர்ந்து, காரணம் கூறி, மோதிரத்தையும் சாவிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செல்கின்றாள். டாம் திருப்பிக் கொடுக்கவேண்டிய ஒன்றை எடுத்துக்கொண்டு சென்றவன்.

இறுதிக்காட்சியின் அமைப்பு நுட்பமானது. டாம் முன்னே நின்று தன் பயணங்களைப் பற்றி நம்மிடம் பேசுகின்றான். எந்நகர் சென்றாலும் கடைகளின் ஒளிவீசும் கண்ணாடிப் புட்டிகளைக் கண்டால் லாராவின் நினைவு தன்னைத் தொடர்வதைக் கூறுகின்றான். அவனுக்குப் பின்னே, மெல்லிய திரைக்கு அப்பால், அமாண்டா மகளைத் தேற்றிக்கொண்டிருக்கின்றாள். அவள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. நாடகம் முழுதும் பேசிப் பேசி நம்மையும் அயரச் செய்த அத்தாய், பேச்சு கேளாத நிலையில் பெருமிதமும் அவல அழகும் உடையவளாகத் தோன்றுகின்றாள். இதனை ஆசிரியரே மேடைக் குறிப்பில் வேண்டியுள்ளார். டாமுக்கு அவள் சொல் கேட்டதுண்டு; அவளை இவ்வாறு கண்டதில்லை. லாரா முகம் நிமிர்த்தித் தாயை நோக்கிப் புன்னகை செய்கின்றாள். அமாண்டா உள்ளே செல்லுமுன் ஒரு கணம் நின்று சுவரில் உள்ள படத்தைப் பார்க்கின்றாள். பின்னர் டாம் கேட்டுக்கொள்ள, லாரா குனிந்து மெழுகுவத்திகளை அணைக்கின்றாள்.